பழைய சவரக்கத்தி ரீஸ்டோர் பண்ண: ஷெஃபீல்டா, சோலிங்கனா?

பழைய சவரக்கத்திய வாங்கி சரி பண்ணலாம்னு இறங்குற எல்லாரும் முதல்ல முழிக்கிறது இந்த இடத்துலதான், இங்கிலாந்து ஷெஃபீல்ட் கத்தி வாங்குறதா ஜெர்மனி சோலிங்கன் கத்தி வாங்குறதான்னு. ஸ்வீடன், அமெரிக்கக் கத்திங்களும் இருக்கு, அத இப்போதைக்கு விட்ருவோம்.

பார்வைக்குன்னா ஷெஃபீல்ட்தான், சந்தேகமே இல்ல. வேட் அண்ட் புட்சர், ஜோசப் ராட்ஜர்ஸ் மாதிரி 19ஆம் நூற்றாண்டு கத்திங்கள்ல 7/8, 8/8 இஞ்ச் அகலத்துல எல்லாம் கிடைக்கும், கையில எடுத்தாலே ஒரு கெத்து. முதுகு நல்ல தடிமனா இருக்கும், அங்கேர்ந்து வாய் வரைக்கும், அதாவது வெட்டுற விளிம்பு வரைக்கும், கிட்டத்தட்ட நேரா சரிஞ்சு வர்ற ஆப்பு வடிவம். சோலிங்கன்ல, அதுவும் 1900க்கு அப்புறம் வந்ததுல, ரெண்டு பக்கமும் உள்வாங்குன மாதிரி அரைச்சிருப்பாங்க, ஹாலோ கிரைண்ட்னு சொல்றது அதத்தான். ரொம்ப ஆழமா அரைச்ச ஃபுல் ஹாலோ கத்தியோட வாய கட்டைவிரல் நகத்து மேல வச்சு லேசா அழுத்துனா அது வளையுறது கண்ணுக்கே தெரியும், அவ்ளோ மெலிசு.

துரு எடுக்குற வேலையில ஷெஃபீல்டுக்குத்தான் மார்க். உடம்பு தடியா இருக்குறதால வாட்டர் பேப்பர்ல 400, 600, 1000, 2000னு (இந்த நம்பர்தான் கிரிட், ஏற ஏற நைசாகும்) போட்டுத் தேய்ச்சாலும் தாங்கும், குழி கொஞ்சம் ஆழமா இருந்தாக்கூட எடுக்க இரும்பு இருக்கு. ஹாலோவ அப்படி அழுத்தித் தேய்ச்சா வாய் பக்கம் சில்லு தெறிச்சிரும், பொறுமையா எண்ணெய் விட்டு முதுகுலேர்ந்து வாய் பக்கமா மட்டும் தேய்க்கணும்.

ஆனா கல்லுல வைக்கும்போது கதை அப்படியே தலைகீழாயிடும். ரேசர படுக்க வச்சுத்தான் தீட்டணும், முதுகும் வாயும் ஒண்ணா கல்லத் தொடணும், கோணத்த முடிவு பண்றதே முதுகுதான். ஹாலோவுல நடுவுல குழியா இருக்குறதால தொடுறது ரெண்டே ரெண்டு ஒல்லி கோடு, 1000 கிரிட் கல்லுல பெவல், அதாவது வாய் ஓரத்துல ரெண்டு பக்கமும் விழற சின்ன சரிவு, சீக்கிரமே உட்காந்துரும், அப்புறம் 4000, 8000, 12000னு மேல போய் கடைசியா தோல் வார்ல இழுத்தா முடிஞ்சுது. ஆப்பு கத்தியில தொடுற பரப்பு ஜாஸ்தி, தேய்ச்சுக்கிட்டே இருக்கணும், போதாததுக்கு பழசுங்க பலதும் லேசா முறுக்கிக்கிட்டு இருக்கும், கண்ணாடி மேல படுக்க வச்சா ஒரு பக்கம் தூக்கும். மார்க்கரால வாய் ஓரத்துல கோடு போட்டு ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்க, மை எங்க அழியாம நிக்குதோ அங்க கல்லே படல. நம்ம ஊர் சலூன்லயே இப்ப பாதி பிளேடு மாட்டுற கத்திதான், தீட்டுற வேலைய பக்கத்துல நின்னு பாத்துக் கத்துக்கவும் ஆள் கிடைக்கிறது கஷ்டம்.

அதனால என் ஓட்டு சோலிங்கனுக்கு, 5/8 இஞ்ச் ஹாஃப் ஹாலோ, அதாவது ஃபுல் ஹாலோ அளவுக்கு மெலிசா அரைக்காதது. மேலோட்டமா துரு இருந்தா பரவால்ல, வாய்ல குழியோ விரிசலோ இருந்தா பிராண்ட் பேரப் பாக்காம கீழ வச்சிருங்க. ஷெஃபீல்ட் மலிவா மாட்டுச்சுன்னா வாங்கி எண்ணெய் தடவிப் போட்டு வைங்க, கை பழகுனதும் எடுக்கலாம். வயசு பாக்கவும் ஒரு வழி இருக்கு, 1890-ல அமெரிக்கா போட்ட மெக்கின்லி டாரிஃப்ங்கற இறக்குமதி வரி சட்டத்துக்கு அப்புறம் அங்க போற சாமான்ல நாட்டுப் பேர் கட்டாயம், அதனால இங்கிலாந்துன்னு இல்லாம வெறும் ஷெஃபீல்ட்னு மட்டும் இருந்தா அதுக்கு முந்தினதா இருக்க வாய்ப்பு அதிகம், உள்ளூர்ல வித்ததுக்கு அந்த சட்டம் கிடையாதுங்கறதால அடிச்சு சொல்ல முடியாது.

துரு எடுக்க கையா, டிரெமல் மாதிரி கையில பிடிச்சு ஓட்டுற சின்ன சுத்துற மெஷினாங்கற சண்டையில எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல, கைதான். மெஷின் சூட்டுல மெலிசான வாய் நொடியில நீலமாயிடும், நீலமாச்சுன்னா அந்த இடத்துல டெம்பர், அதாவது இரும்போட கடினம், போயிருச்சு, வீட்ல வச்சு அதத் திருப்ப முடியாது. பஃபிங் வீல் (பாலிஷ் போடுற சக்கரம்) கத்தியப் பிடிச்சு வீசுனா எங்க போய் குத்தும்னும் தெரியாது.

கைப்பிடி கொம்புன்னா காஞ்சிருக்கும், பூச்சி அரிச்சிருக்கும், எண்ணெயில ஊறப்போட்டா ஓரளவு தேறும். செல்லுலாய்டு, அதாவது அந்தக் காலத்து பிளாஸ்டிக், வேற கேஸ். விரலால சூடு ஏற தேய்ச்சா கற்பூர வாசனை வரும், அது கெட்டுப்போக ஆரம்பிச்சா அதுலேர்ந்து வர்ற ஆவியே கத்திய துருப்பிடிக்க வைக்கும். கைப்பிடிக்குள்ள மடங்கி இருக்குற பாகம் மட்டும் மோசமா துருவேறி, கைப்பிடியும் பொருபொருன்னு உதிர்ந்தா உடனே ஆணிய எடுத்துப் பிரிச்சிடுங்க, மத்த கத்திங்களோட ஒரே டப்பாவுல போடாதீங்க, நெருப்புப் பக்கமும் கொண்டு போகாதீங்க, குப்புனு பத்திக்கிற சாமான் அது.