திருநகரில் ஃபைபர் இணைப்பு: வேகத்தில் குறையில்லை, பில்லில்தான் சிக்கல்

மதுரை திருநகரில் நாங்கள் பயன்படுத்திவரும் இந்த ஃபைபர் இணைப்பின் வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை; அக்கம்பக்கத்து வீடுகளிலெல்லாம் தொடர்கள் ஓடும் மாலை நேரத்திலும் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு தடைபடுவதில்லை. குறையெல்லாம் கட்டண விவரத்தில்தான். விளம்பரத் தாளில் 499 ரூபாய் என்று கொட்டை எழுத்தில் இருக்கும் தொகை, 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து, பில்லில் 588 ரூபாய் 82 காசாக வந்து நிற்கிறது. வரிக்கு நிறுவனத்தைக் குறை கூற முடியாது. ஆனால் மொத்தத் தொகையை முதலிலேயே சொல்வதில் என்ன சிரமம் என்றுதான் விளங்கவில்லை.

ஆறு மாதக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தினால் ரவுட்டர் இலவசம் என்கிறார்கள். உண்மையில் அது இரவல்தான்: இணைப்பைத் துண்டிக்கும்போது அடாப்டருடன் திருப்பித் தராவிட்டால் அதன் விலை வைப்புத்தொகையில் கழிக்கப்படும் என்று விண்ணப்பத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். இடையில் வீடு மாறினால் மீதிப் பணம் கிடைக்குமா என்ற கேள்விக்கு, வாடிக்கையாளர் சேவை எண்ணில் ஒரு பதிலும், கேபிள் இழுக்க வந்த தம்பியிடம் வேறொரு பதிலும் கிடைத்தன. ஆகவே வாடகை வீட்டில் இருப்பவர்கள் மாதத் திட்டத்தை எடுப்பதும், ரவுட்டரை ஒப்படைக்கும்போது சீரியல் எண் குறித்த ரசீதைக் கேட்டு வாங்குவதும் நல்லது.

28 நாள் கைப்பேசித் திட்டங்களுக்கு ஆண்டில் 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டியிருக்க, இங்கே முழு மாதக் கணக்கு என்பது ஆறுதல். சாலை தோண்டும்போது கேபிள் அறுந்தால், புகார் எண்ணைச் சொல்லி நினைவூட்டினால் மட்டுமே ஆள் வருகிறார்.