மூன்று டூர்னிக்கெட்டுகள்: எது எங்கே தேய்கிறது?

கையிலோ காலிலோ ரத்தக்குழாய் அறுபட்டு ரத்தம் பீறிட்டால், காயத்துக்குச் சற்று மேலே, உடம்பை ஒட்டிய பக்கத்தில் பட்டையைச் சுற்றி, அதிலிருக்கும் கோலை முறுக்கி, ரத்த ஓட்டத்தை நிறுத்துவதற்கான கருவி டூர்னிக்கெட். எதை வேகமாகப் போடலாம், எது மலிவு என்ற பேச்சு நிறைய நடக்கிறது. திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் எது எந்த இடத்தில் நைந்துபோகும் என்பதைப் பேசுபவர்கள் குறைவு. முதலுதவி வகுப்பு எடுப்பவர்களுக்கு அதுதான் முதல் கேள்வி. ஒரே டூர்னிக்கெட் அங்கே கை மாறிக் கை மாறி நாள் முழுக்க முறுக்குப்படும்.

முதலில், அமெரிக்க ராணுவம் 2005 முதல் பரவலாகக் கொடுத்துவரும் சி.ஏ.டி. (காம்பாட் அப்ளிகேஷன் டூர்னிக்கெட்). இதன் கோல் பிளாஸ்டிக். வெளிப்பட்டை வெல்க்ரோ, அதற்குள்ளே ஓடும் இன்னொரு நாடாவைத்தான் கோல் முறுக்குகிறது. ஆகவே தேய்மானமும் மூன்று இடத்தில் வரும். கோல் மெல்ல வளையும். அதைத் தாங்கும் அடித்தட்டில் விரிசல் விழும். வெல்க்ரோவின் கொக்கிகளில் நூலும் மயிரும் மண்ணும் அடைத்துப் பிடிமானம் போகும். பயிற்சியில் அடிபட்ட ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: கோலின் நடுவில், நாடா நுழையும் துளையை ஒட்டி, கறுப்புப் பிளாஸ்டிக் வெளுத்து மெல்லிய கோடாகத் தெரியும். அந்தக் கோடு தெரிந்தால் அது இனி ஆளுக்குப் போட ஆகாது. சி.ஏ.டி.யின் ஏழாம் தலைமுறை மாடலில் கோலைத் தடிமனாக்கி, தட்டையும் பலப்படுத்தியிருக்கிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனாலும் ஒருமுறை பயன்படுத்த மட்டுமே என்ற விதி அப்படியேதான் இருக்கிறது.

இரண்டாவது, சாஃப்ட்-டி வைட். கோல் அலுமினியம், பட்டையில் வெல்க்ரோ இல்லை, இறுக்கிப் பிடிப்பது பக்கிள். ஈரமும் மணலும் புழுதியும் உள்ள இடத்தில் இது சி.ஏ.டி.யைவிடத் தாக்குப்பிடிக்கும் என்பது என் முடிவு. அதற்காக, உலோகக் கோல் இருப்பதால் தேயாது என்று நினைத்துவிடக் கூடாது. தேய்மானம் கோலை விட்டுப் பட்டைக்குப் போகிறது, அவ்வளவுதான். பக்கிள் கடிக்கும் இடத்தில் நெசவு பிசிறடிக்கும். பிசிறிய பட்டை இழுவையில் நழுவும். கோலின் நுனியை மாட்டும் முக்கோண வளையத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, சாம் எக்ஸ்.டி. இதிலும் அலுமினியக் கோல்தான். வித்தியாசம் பக்கிளில் இருக்கிறது. பட்டையைப் போதுமான அளவு இழுத்ததும் இரண்டு முட்கள் வெளியே வந்து பட்டையின் துளைகளில் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். தேய்மானக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கோலையும் நாடாவையும் அதிகம் கெடுப்பது பட்டையில் விட்ட தளர்வு. முதலிலேயே நன்றாக இழுத்திருந்தால் சில அரைச்சுற்றுகளில் வேலை முடியும். தளர்வாக விட்டால் அதை ஈடுகட்ட மேலும் மேலும் முறுக்க வேண்டிவரும். அத்தனை விசையும் கோலில்தான் இறங்கும். புதிதாகக் கற்பவர்கள் செய்யும் இந்தத் தவறைச் சாம் எக்ஸ்.டி. பக்கிளிலேயே தடுக்கப் பார்க்கிறது. பதிலுக்கு நாம் பார்க்க வேண்டியவை அந்தத் துளைகளின் ஓரங்களும் முட்களும்.

பல் சக்கரத்தில் இறுக்கும் வகையும் காற்றடித்து இறுக்கும் வகையும் உண்டு. காற்றுப்பையில் ஊசித்துளை அளவு கசிவு வந்தாலே போச்சு.

முறுக்காமலே தேய்வதும் உண்டு. ஆப்கானிஸ்தானில் போர்க்களச் சூழலில் கிடந்த சி.ஏ.டி.க்களைச் சோதித்தபோது, புதியவற்றைவிட அவை அதிகம் உடைந்தன, ரத்த ஓட்டத்தை நிறுத்தியதும் குறைவு. வெயிலும் புழுதியும் செய்த வேலை அது. கார் கண்ணாடியோரம் டூர்னிக்கெட்டைத் தொங்கவிடுபவர்கள் தயவுசெய்து அதை ஒரு பைக்குள் வையுங்கள்.

சரி, எதை வாங்குவது? பயிற்சிக்கும் அவசரத்துக்கும் ஒரே மாடல், ஆனால் தனித்தனிப் பிரதிகள். கை எதற்குப் பழகியதோ அதைத்தான் பதற்றத்திலும் தேடும். பயிற்சிக்கென்றே நீல நிறத்தில் விற்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் பளிச்சென்ற டேப்பை ஒட்டிப் பிரித்து வையுங்கள். புழுதிக்காட்டில் வேலை என்றால் சாஃப்ட்-டி வைட். புதியவர்கள் அதிகம் என்றால் சாம் எக்ஸ்.டி. சுற்றியிருக்கும் எல்லோரும் சி.ஏ.டி.யில் பழகியவர்கள் என்றால் அதையே புதிதாக வாங்கி, முறுக்காமல் பையில் வைத்திருங்கள். சந்தையில் அச்சு அசலாக அதைப் போலவே இருக்கும் போலிகள் கிடைக்கின்றன. அவற்றின் கோல் முதல் இறுக்கிலேயே வளைந்துவிடலாம். நம்பகமான விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள்.

வகுப்புக்கு முன் கோல், தட்டு, தையல், பக்கிள் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். பிரிந்த தையலை வீட்டில் தைப்பது, விரிசலில் பசை போடுவது எல்லாம் வேண்டாம். கழித்ததைக் குப்பையில் போடும் முன் பட்டையைக் குறுக்கே வெட்டிவிடுங்கள். நல்லதாகத் தெரிகிறதே என்று யாராவது எடுத்துத் தன் பையில் வைத்துக்கொள்ளக் கூடாது.