கெட்டிலுக்குத் தடை, மற்றபடி இருக்கலாம்: கருப்பூர் பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டல்

ஒரு வருடம் இருந்துவிட்டு எழுதுகிறேன். பெயர் போடவில்லை, இன்னும் ஒரு வருடம் அங்கேதான் குப்பை கொட்ட வேண்டும். மூன்று பேர் ரூம், சாப்பாட்டோடு மாதம் 6,500. தண்ணீர் நிற்காமல் வரும், வைஃபை நினைத்தால் வரும். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பில் கறியைத் தேட வேண்டும், அவ்வளவுதான் குறை.

பிரச்சினை கெட்டில்தான். சேரும்போது கையெழுத்து வாங்கும் தாளில் "சூடாக்கும் சாதனங்கள் கூடாது" என்று ஒரே வரி. மெஸ்ஸில் நாலரைக்கு டீ வரும், ஐந்துக்கு டிரம்மைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். நான் ஏற்காட்டுக்காரி, ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு கட்டங்காப்பி இல்லாமல் புத்தகம் திறக்காது. அதனால் துணிகளுக்கு நடுவில் ஒரு 1,500 வாட் கெட்டில் என்னோடு வந்தது. (ஊரில் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், 95 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். இங்கே அப்படி இல்லை, காப்பி நாக்கைச் சுட்ட பிறகுதான் அந்த வித்தியாசம் உறைத்தது.)

செமஸ்டர் சமயம் ஒரு ராத்திரி, ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் என் கெட்டிலும் ரூம்மேட்டின் அயர்ன் பாக்ஸும். இரண்டே நிமிடத்தில் பிளாஸ்டிக் கருகும் வாசனை, அப்புறம் மாடி முழுக்க இருட்டு. காலையில் வார்டன் அக்கா ரூம் ரூமாக வந்து நாலு கெட்டில், இரண்டு ரைஸ் குக்கர், ஒரு வாட்டர் ஹீட்டர் ராடு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார். ஆளுக்கு 500 அபராதம்.

எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் விஷயத்தைச் சொன்னார். என் கெட்டிலைக் கவிழ்த்து அடியிலிருந்த ஸ்டிக்கரைக் காட்டி, "ஏம்மா, 1,500 வாட்டுன்னா ஆறரை ஆம்பியர் இழுக்கும், இந்தச் சின்ன பிளக்கே 6 ஆம்பியர்தான், இதுல அயர்ன் பாக்ஸ் வேறயா?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. பாக்ஸைத் திருப்பிப் பார்த்தேன், ஒரு ஓட்டையைச் சுற்றி பழுப்பாக உருகியிருந்தது.

சரி, தப்பு என்னுடையதுதான். ராடைத் தடை செய்ததும் நியாயம்தான், பிளாஸ்டிக் பக்கெட்டில் போட்டுவிட்டுப் போனை நோண்டுகிற ஊர் இது. ஆனால் 1,000 வாட் அயர்ன் பாக்ஸுக்கு அனுமதி உண்டு, 600 வாட் அரை லிட்டர் கெட்டிலுக்கு மட்டும் கிடையாது என்றால் அது கணக்கே இல்லை. சின்னது மூன்று ஆம்பியர் கூட இழுக்காது. ஒரு டம்ளர் தண்ணீர் கொதிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும், ஆகட்டுமே. கரண்ட் பில்லும் சாக்கு இல்லை, ஒரு லிட்டர் கொதிக்க வைக்க யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும். தாளில் வாட் அளவைப் போட்டிருந்தாலே பாதிச் சண்டை வந்திருக்காது.

இப்போது மாடிக் கோடியில் பெரிய பிளக்கோடு ஒரு பொதுக் கெட்டில் வைத்திருக்கிறார்கள், நல்ல யோசனைதான். ஆனால் ஒன்பது மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன், பூட்டைத் திறந்தால் நாலு.

என் கெட்டிலை ஏப்ரலில் திருப்பிக் கொடுத்தார்கள். மூடியைக் காணோம்.