ஒரே வரைபடத்தில் 50 கோடுகள்: ஆர் மொழியில் எந்த வழி?

புள்ளியியலுக்கான நிரல்மொழியான ஆர் மென்பொருளோடு சேர்ந்தே வரும் 'சிக்வெயிட்' (கோழிக்குஞ்சு எடை) தரவை எடுத்துக்கொள்வோம். 50 கோழிக்குஞ்சுகள், 4 தீவனங்கள், 0 முதல் 21ஆம் நாள் வரை குஞ்சுக்கு அதிகபட்சம் 12 எடைகள், மொத்தம் 578 வரிசைகள். குஞ்சுக்கு ஒரு கோடு, தீவனத்துக்கு ஒரு நிறம் வேண்டும்.

அடிப்படை 'பிளாட்' கட்டளையில் முதல் கோட்டைப் போட்டுவிட்டு 'லைன்ஸ்' கட்டளை கொண்டு ஒவ்வொன்றாகச் சேர்ப்பது பழைய வழி. அச்சின் எல்லையை முதல் கோடே தீர்மானித்துவிடும் என்பதுதான் இதில் சிக்கல். 1ஆம் குஞ்சு 205 கிராமில் நிற்கிறது. தரவின் உச்சம் 373. மேலே போகும் கோடுகள் எச்சரிக்கையே இல்லாமல் வெட்டுப்படும். முழுத் தரவின் வீச்சை 'ஒய்லிம்' (செங்குத்து அச்சின் எல்லை) வழியாக முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். இரண்டு மூன்று கோடுகளுக்கு இந்த வழி போதும்.

பல கோடுகளை ஒரே கட்டளையில் வரையும் 'மேட்பிளாட்' வேகமானது, ஆனால் அதற்குக் குஞ்சுக்கு ஒரு நெடுவரிசை வேண்டும். தரவைக் குழுவாகப் பிரிக்கும் 'டேப்ளை' கொண்டு நாள், குஞ்சு என்று பிரித்தால் 12க்கு 50 அணி கிடைக்கும். கோடாக வரைய வகையை 'எல்' என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் புள்ளிகளுக்குப் பதில் எண்களும் எழுத்துகளும் வந்து நிற்கும். நிறங்கள் 6தான், ஏழாவது கோட்டில் மறுபடி கறுப்பு. இன்னொரு பொறி: முதல் நெடுவரிசை 1ஆம் குஞ்சு அல்ல, 18ஆம் குஞ்சு. வரிசை தீவன வாரியாக அமைந்திருப்பதால் நிறங்களை 20, 10, 10, 10 என்று பகிர்ந்தால் சரியாக விழும்.

'லாட்டிஸ்' என்ற வரைபடத் தொகுப்பு தீவனத்துக்கு ஒரு கட்டம் என்று பிரித்துக் காட்ட நன்று. ஒரே கட்டத்தில் 50 கோடு என்றால் அதன் நிறங்களும் சுழன்று குழப்பும்.

இந்தத் தரவுக்கு என் தேர்வு 'ஜிஜிபிளாட்2' என்ற வரைபடத் தொகுப்பு. குழுவையும் நிறத்தையும் தனித்தனியே சொல்ல முடிவதுதான் காரணம். நிறத்தை மட்டும் தீவனம் என்று கொடுத்து 'குரூப்'பை (எந்தப் புள்ளிகள் ஒரே கோடு என்று சொல்வதை) விட்டால், ஒரே நாளின் பல எடைகளைச் செங்குத்தாக இணைத்து ரம்பப் பல் போல வரையும். 'குரூப்' குஞ்சாக இருக்கட்டும். உங்கள் சொந்தத் தரவில் தீவனம் வெறும் எண்ணாக இருந்தால் 'ஃபேக்டர்' (வகைப் பெயர்) ஆக்குங்கள். பெரிதாக்கிப் பார்க்க 'ஒய்லிம்' வேண்டாம், அது எல்லைக்கு வெளியே உள்ள தரவையே நீக்கிவிடும். அதற்குப் பதிலான 'கோஆர்ட்_கார்டீசியன்' பார்வையை மட்டும் மாற்றும்.

50 கோடுகளையும் 0.3 அளவுக்கு (1 என்றால் முழு நிறம்) மங்கலாக்கி, மேலே தீவனச் சராசரியைத் தடித்த கோடாக 'ஸ்டாட்_சம்மரி' கொண்டு போடலாம். 'குரூப்' அங்கே தீவனமாக மாற வேண்டும். ஆனால் முதல் தீவனத்தில் தொடங்கியவை 20 குஞ்சுகள்; 21ஆம் நாளில் எஞ்சியவை 16. அந்தச் சராசரி எஞ்சியவற்றுக்கு மட்டுமே உரியது. கோட்டின் முனையில் 16 என்று எழுதி வையுங்கள்.