உப்புவெளி மாஸ்டரின் கிட்டார் வகுப்பு: பேஸ் பழக விரும்புகிறவர்களுக்கு

திருகோணமலையில் கிட்டார் பழக எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் இடம் இதுதான். பெயர்ப்பலகை கிடையாது. நிலாவெளி வீதியில் யுத்த மயானத்தைத் தாண்டி, கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், ஒரு வீட்டின் விறாந்தையும் அதை ஒட்டிய அறையும்தான் வகுப்பு. மாஸ்டர் ஹோட்டல் பாண்டுகளில் நீண்ட காலம் பேஸ், அதாவது கீழ்ச் சுருதியில் ஒலிக்கும் நான்கு தந்திக் கிட்டார், வாசித்தவர், இன்னமும் வாசிக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் இங்கேயும் அவர் மாஸ்டர்தான்.

நான் பாடசாலைக் காலத்தில் மிருதங்கம் பழகியவள். இப்போது அரச அலுவலகத்தில் வேலை. கிட்டார் ஆசை வந்து முதலில் நகரில் வேறொரு இடத்தில்தான் சேர்ந்தேன். அங்கே கோர்ட், அதாவது பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் விரல் பிடி, அதன் படம் அச்சடித்த போட்டோகொப்பித் தாள்களைத் தருவார்கள். விரலை அந்தப் புள்ளிகளில் வைத்து, பாட்டுக்கு ஏற்ற மாதிரி மேலும் கீழும் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். பாட்டு வந்தது, ஆனால் எல்லாருடைய கையிலும் ஒரே மாதிரி வந்தது. மாஸ்டரிடம் வந்த பிறகு என் வாசிப்பு என்னுடையதாக மாறியது. அது எப்படி நடந்தது என்பதை எழுதத்தான் இந்த மதிப்புரை.

இங்கே ஒரு விதி இருக்கிறது. கிட்டார் பழக வந்தவரும் ஒரு கட்டத்தில் பேஸைக் கையில் எடுத்தே ஆக வேண்டும். சிலருக்கு இது பிடிப்பதில்லை, வருடிப் பாடத்தானே வந்தோம் என்பார்கள். மாஸ்டர் பதிலுக்கு விவாதம் செய்வதில்லை. "ரெண்டு கிழமை வாசிச்சுப் பாருங்கோ, பிறகு கதைப்பம்" என்பார். நான் அறிய, அதற்குப் பிறகு யாரும் முறைப்பாட்டோடு வந்து நின்றதில்லை.

முதல் வகுப்புகளில் சுருதி சேர்ப்பதுதான் பாடம். போனில் உள்ள டியூனரைத் தொட விடமாட்டார். தடித்த தந்தியில் ஐந்தாவது பிரெட்டை (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கோடு) அழுத்தினால் வரும் சத்தமும் அடுத்த தந்தியைச் சும்மா தட்டினால் வரும் சத்தமும் ஒன்றாக வேண்டும். இரண்டும் கிட்டக் கிட்ட வரும்போது ஓர் அதிர்வு கேட்கும். நெருங்க நெருங்க அது மெதுவாகி, சேர்ந்ததும் நின்றுவிடும். அந்த அதிர்வைக் காது பிடிக்கும் வரை வேறு எதற்கும் போகமாட்டார். பொறுமை இல்லாதவர்களுக்கு இது கஷ்டம். மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்கக் கல்லும் புள்ளும் பிடித்துப் பழகிய எனக்கு, சொந்த வீட்டுக்குத் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், கிட்டார் உடனே விளங்கிவிடும். ஒரு தந்தியை ச என்று வைத்தால் அடுத்த தந்தி சுத்த மத்திமம். கிட்டாரின் ஆறு தந்திகளில் ஓர் இடத்தில் மட்டும், ஜி தந்திக்கும் பி தந்திக்கும் நடுவில், இந்த ஒழுங்கு உடைந்து அந்தர காந்தாரம் ஆகிவிடும். கோர்ட் பிடிக்க வசதியாக இருக்கத்தான் அப்படி. பேஸில் அந்த உடைவே இல்லை. ஈ, ஏ, டி, ஜி நான்கும் ஒரே இடைவெளியில் நிற்கின்றன. ஆகவே ஒரு வடிவத்தை ஓர் இடத்தில் பழகினால், தந்தி இருக்கும் வரை கழுத்தில் எங்கேயும் அதே வடிவம் வேலை செய்யும். அடுத்த தந்தியில் இரண்டு பிரெட் மேலே பஞ்சமம். இரண்டு தந்தி தள்ளி இரண்டு பிரெட் மேலே மேல் ஸ்தாயி சட்ஜம். இதை மாஸ்டர் ஸ்வரப் பெயரில் சொல்வதில்லை. ச-வை ரூட், பஞ்சமத்தை பிஃப்த், மேல் சட்ஜத்தை ஒக்டேவ் என்றுதான் சொல்வார். ஆனால் நான் வகுப்பில் வாய்க்குள் ஸ்வரம் பாடுவதைக் கேட்டுவிட்டு, அப்படியே சத்தமாகப் பாடி வாசிக்கச் சொன்னார். அன்றிலிருந்து அதுதான் என் முறை.

வகுப்பில் இருக்கும் பேஸ் ஒரு யமஹா டிஆர்பிஎக்ஸ் 174. நான்கு தந்தி, 24 பிரெட், 34 அங்குலத் தந்தி நீளம். கிட்டாருக்கு யமஹா எஃப்310 வைத்திருக்கிறார். அதன் தந்தி நீளம் 634 மில்லிமீட்டர், பேஸுக்கோ 864. கை சிறியவர்கள் அந்த வித்தியாசத்தை முதல் நாளே உணர்வார்கள். ஒரு பிரெட்டுக்கு ஒரு விரல் என்று இணையக் காணொளிகளில் சொல்வதைக் கீழ்ப் பிரெட்டுகளில் செய்யப் போனால் என் மணிக்கட்டு நோகும். மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, நிறுத்தி வைத்து வாசிக்கும் பெரிய டபுள் பேஸ்காரர்களின் பிடியைக் காட்டினார்: ஆட்காட்டி விரல், நடுவிரல், பிறகு மோதிர விரலும் சின்ன விரலும் சேர்ந்து ஒன்றாக. நான்கு பிரெட்டுக்குப் பதில் மூன்று பிரெட்டுக்குள் கை நிற்கும், தேவைப்பட்டால் கை முழுவதும் நகரும். "கை நோகுதெண்டா பிடி சரியில்லை பிள்ளை, கை சின்னனெண்டில்லை" என்றார். பெண் பிள்ளைகளைப் பேஸ் பழக அனுப்பத் தயங்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். கை அளவு ஒரு காரணமே இல்லை.

அந்தச் சத்தத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். கிட்டாரின் கீழ் ஈ விநாடிக்கு ஏறத்தாழ 82 அதிர்வு, பேஸின் ஈ 41. அம்ப்ளிஃபயரில் போட்டு ஒரு தடவை தட்டினால் விறாந்தைத் தரை காலுக்குக் கீழ் சொல்லும். மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது கீழ்ச் சத்தம் தரும் பக்கத்தில், ரவை பூசித் தட்டும்போது வரும் அந்தக் கும்மென்ற நாதம்தான் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடித்தது. அதையே ஸ்வரத்தோடு வாசிக்கலாம் என்று தெரிந்தபோது நான் இந்த வாத்தியத்துக்குச் சொந்தமாகிவிட்டேன்.

இனி, இந்த வகுப்பைச் சிபாரிசு செய்ய முக்கியமான காரணம். தனக்கென ஒரு பாணி என்பதை மாஸ்டர் பேச்சில் கற்பிப்பதில்லை, ஒரு பயிற்சியில் வைத்திருக்கிறார். ஏ மைனர், எஃப், சி, ஜி. யாருக்கும் தெரிந்த நான்கு கோர்ட். அவர் கிட்டாரில் இதைச் சுற்றிச் சுற்றி வாசிப்பார், நாங்கள் ஒவ்வொருவராகப் பேஸ் போட வேண்டும். முதல் வாரம் முதல் அடியில் ரூட் மட்டும், வேறு எதுவும் கூடாது. அடுத்த வாரம் பஞ்சமம் சேர்க்கலாம். அதற்கடுத்து ஒக்டேவ். பிறகு வருவதுதான் கடினமான கட்டம்: ஏற்கெனவே வாசித்ததில் பாதியை எடுத்துவிட்டு, மிஞ்சியதை வைத்துப் பாட்டு நிற்குமா பார்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் போனில் பதிவு செய்து, அடுத்த வகுப்பில் வாத்தியத்தைத் தொடாமல் உட்கார்ந்து கேட்போம்.

அங்கேதான் ஆட்கள் பிரிந்து தெரிகிறார்கள். கிண்ணியாவிலிருந்து வரும் தம்பி எந்த வாரமும் கோர்ட் மாறும் இடத்துக்கு முன்பே அடுத்த ஸ்வரத்துக்கு ஏறிவிடுவான், பாட்டைத் தள்ளிக்கொண்டு போவான். பாலையூற்றிலிருந்து வரும் அண்ணன் பறங்கியர் குடும்பம். கல்யாண வீடுகளில் வயலினும் கிட்டாரும் கேட்டு வளர்ந்தவர். நாலடித் தாளம் கொடுத்தாலும் அவருடைய கையில் பைலாவின் ஆறடித் தாளம் துள்ளும். எனக்கு வந்தது மௌனம். அடியை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் விழும் பழக்கம் மிருதங்கத்திலிருந்து வந்திருக்கிறது. அதைத் திருத்தச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். "இது உங்கட. இதை விடாதேங்கோ. ஆனா வேணுமெண்டே செய்யுங்கோ, தற்செயலா வர விடாதேங்கோ." பிறகு அதற்காகவே ஒரு பயிற்சி போட்டுத் தந்தார்: தகிட தகதிமி என்று ஏழு வாயில் ஓட, கை நாலில் நிற்க வேண்டும். சாபு தாளம் பழகியவர்கள் வீட்டில் செய்து பாருங்கள், அருமையான வேலை.

இன்னொன்று. மாணவர் தானாக ஒரு வழி கண்டுபிடிக்கும் வரை மாஸ்டர் தன் வழியை வாசித்துக் காட்டவே மாட்டார். அவர் நல்ல வாசிப்பாளர், முதலே காட்டினால் எல்லாரும் அதையே பிடித்துக்கொள்வோம் என்று தெரிந்தவர். கிட்டார் ஆசிரியர் ஒருவரிடம் நான் மதிக்கும் குணம் இதைவிட வேறில்லை.

கேட்பதற்கும் தருவார். 1980-களின் இளையராஜா பாடல்களில் பாடகரை விட்டுவிட்டுப் பேஸை மட்டும் பின்தொடர்ந்து பாடச் சொல்வார். அது பாட்டுக்குக் கீழே தனியாக நடந்து போகும் இன்னொரு மெட்டு என்று விளங்கும். 1960-களில் டெட்ராயிட்டின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்களில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனைப் பற்றி ஒரு மாலை முழுக்கக் கதைத்தார். ஜேமர்சன் வலக்கையின் ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே தந்தியைத் தட்டியவர். டபுள் பேஸிலிருந்து கொண்டுவந்த பழக்கம் அது. இன்னொரு பேஸ் கலைஞர் ஜாகோ பஸ்டோரியஸ் பிரெட் இல்லாத பேஸை எடுத்து வாய்ப்பாட்டுப் போல வாசித்தார். அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951-இல் பேஸுக்குப் பிரெட் போட்டு விற்றதே ஸ்வரம் துல்லியமாக விழட்டும் என்றுதான், அதற்குப் பெயரும் பிரிசிஷன் (துல்லியம்) என்றே வைத்தார். ஜாகோவுக்கு அந்தக் கோடுகளுக்கு நடுவில் உள்ளதுதான் தேவைப்பட்டது. கமகம் கேட்டு வளர்ந்த எனக்கு அவர் வாசிப்பு முதல் தடவையே பிடித்துப்போனது.

ஞாயிறு பின்னேரம் எல்லாரும் சேர்ந்து வாசிப்போம். ஒருவர் பேஸ், இரண்டு கிட்டார், தாளத்துக்குக் கையால் தட்டும் ஒரு கஹோன் பெட்டி. முறை மாற்றி மாற்றி வரும். பேஸ் வாசித்துவிட்டுக் கிட்டாருக்குத் திரும்புகிறவர்களின் கை மாறியிருப்பது அங்கே கேட்கும். கீழ்த் தந்திகளைச் சும்மா அடித்து நிரப்பாமல் பேஸுக்கு இடம் விடுவார்கள். எல்லாரும் பேஸ் எடுத்தே ஆக வேண்டும் என்ற விதியின் பயன் இதுதான்.

கடற்கரை ஊரில் வாத்தியம் வைத்திருப்பதற்கான வேலைகளையும் சொல்லித்தருகிறார். உப்புக்காற்றில் தந்தி கெதியாகத் துரு ஏறும். வாசித்து முடிந்ததும் பருத்தித் துணியால் தந்தியின் அடிப்பக்கமும் துடைக்க வேண்டும். கச்சான் காற்றுக் காலத்தில் மரம் காயும், மாரியில் ஈரம் குடிக்கும், இரண்டிலும் கழுத்து வளையும். கழுத்துக்குள் ஓடும் கம்பியை அலன் கீ கொண்டு ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது, திருப்பிவிட்டுப் பொறுத்திருந்து பார்க்க வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டினார். பேஸைக் கிட்டார் அம்ப்ளிஃபயரில் சத்தம் கூட்டிப் போட்டால் ஸ்பீக்கர் கிழியும் என்பதும் இங்கே தெரிந்துகொண்டதுதான். எனக்கு நகரில் கிட்டார் தந்தி கிடைத்தது, பேஸ் தந்தி கொழும்பிலிருந்துதான் எடுப்பித்தேன். மாஸ்டரின் ஆலோசனைப்படி மேற்பரப்பு வழுவழுப்பான ஃபிளாட்வவுண்ட் தந்தி போட்டேன். விலை கூடத்தான், ஆனால் நின்று பிடிக்கிறது, நான் தேடிய அந்தத் தொப்பிச் சத்தத்துக்கும் கிட்ட வருகிறது.

குறைகளும் இருக்கின்றன. மே முதல் செப்டெம்பர் வரை உல்லாசப் பயணிகளின் சீசன். மாஸ்டர் நிலாவெளிப் பக்க ஹோட்டல்களில் வாசிக்கப் போவார், வகுப்பு கடைசி நேரத்தில் மாறும். பஸ்ஸில் வந்து இறங்கிய பிறகு மெசேஜ் பார்ப்பது வேலைக்குப் போகிறவர்களுக்கு நல்லதல்ல. இதை அவரிடம் நேராகவே சொல்லியிருக்கிறேன். அறைக்குள் வெக்கை. தகரக் கூரை, மழை பெய்தால் ஒன்றும் கேட்காது. மேற்கத்திய இசைக்குறிப்பு வாசிப்பதற்கு அவர் நேரம் ஒதுக்குவதில்லை. டிரினிட்டி மாதிரிப் பரீட்சைகளுக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்த நினைப்பவர்கள் வேறு ஆசிரியரைத்தான் பார்க்க வேண்டும், இங்கே அதற்கான ஒழுங்கு இல்லை. சின்னப் பிள்ளைகளையும் எடுப்பதில்லை. ஒரு கல்யாணத்துக்குள் இரண்டு பாட்டு வாசிக்க வேண்டும் என்று அவசரத்தில் வருகிறவர்களுக்கும் இது சரிவராது.

கட்டணம் ஒரு வகுப்புக்கு 1500 ரூபாய், மாதக் கணக்கு இல்லை, வராத நாளுக்குக் காசு இல்லை. வாத்தியம் இல்லாமலே தொடங்கலாம். முதல் சில மாதம் அங்கே உள்ளதில் பழகிவிட்டு வாங்கினால் போதும் என்று அவரே சொல்கிறார், தன் மூலம் வாங்கும்படி யாரையும் வற்புறுத்தியதை நான் பார்த்ததில்லை. சேர விரும்புகிறவர்கள் ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு போய் விறாந்தையில் உட்கார்ந்து கேட்கலாம், அதற்கு யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை. ஒழுங்கைக்குள் ஓட்டோ திரும்ப இடம் இல்லை, வீதியிலேயே இறங்கி நடவுங்கள். இடக்கையில் நகம் வளர்த்திருந்தால் வெட்டிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் மாஸ்டர் நகவெட்டியைக் கையில் தந்த பிறகுதான் பாடம் தொடங்குவார்.