‘சொதி’ எழுதத் தெரியாத செயலி

யூரியூப் வீடியோவுக்கு முகப்புப் படம், அதாவது தம்ப்நெயில், செய்கிற ஒரு செயலியின் வருடச் சந்தா பாதி விலைக்கு இறங்கியதிலிருந்து வீடியோ போடுகிற தம்பிமார் ஆளுக்காள் கேட்கிறார்கள்: “அண்ணை, எடுக்கட்டோ, விடட்டோ?” ஒவ்வொருவருக்கும் வொட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிக் களைத்துவிட்டேன், அதனால் எழுதியே விடுகிறேன். செயலியின் பெயரைப் போடவில்லை. கேட்டவர்களுக்கு எது என்று தெரியும். மற்றவர்களுக்குப் பெயர் தேவையில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகும் வியாதி இன்னும் பல செயலிகளுக்கு உண்டு.

என்னுடையது சமையல் சனல். சொதி, கணவாய்க் கறி, நண்டுக் குழம்பு, ஒடியல் கூழ், இடைக்கிடை தொதல். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி, குருநகரில் மீன், வீட்டு அடுப்படியில் கமெரா. இந்தச் செயலியை எடுத்த பிறகு இரண்டு நல்லூர்த் திருவிழா போய்விட்டது. டெம்ப்ளேட் எத்தனை, ஸ்டிக்கர் எத்தனை என்பதெல்லாம் அவர்களுடைய விளம்பரத்திலேயே இருக்கிறது, அதைத் திரும்ப எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் செயலிக்குச் ‘சொதி’ எழுத வராது.

சும்மா எழுதினால் வரும். எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள், அல்லது சட்டியின் விளிம்போடு வளைந்து போகட்டும் என்று வளைவு எஃபெக்ட்டைப் போட்டுப் பாருங்கள். ச தனியே நிற்கும். அதற்குப் பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம், அதன் இரண்டு பக்கமும் கொம்பும் அரவும் (துணைக்கால்). பிறகு த. பிறகு இன்னொரு புள்ளி வட்டம், அதன் தலையில் இகரத்தின் விசிறி. நாலு துண்டாகக் கிடக்கும் ஒரு சொதி. இதிலும் கொடுமை, எடிட் செய்கிற திரையில் சில நேரம் எல்லாம் சரியாகவே தெரியும். சேமித்து, படத்தைத் திறந்து பார்த்தால்தான் துண்டு தெரியும்.

காரணம் பெரிய மர்மம் இல்லை. கணினியும் போனும் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் ‘சொ’ என்பது முதலில் ச, அதற்குப் பின்னால் ஒகரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கண்ணுக்குத் தெரியும்போது கொம்பு முன்னுக்கு வரவேண்டும், அரவு பின்னுக்குப் போகவேண்டும், ச நடுவில் இருக்கவேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய எழுத்தை வடிவமைக்கும் ஒரு இயந்திரம் தேவை. அன்ட்ரொய்ட் போனுக்குள் ஹார்ஃப்பஸ் என்ற பெயரில் அது ஏற்கெனவே இருக்கிறது, வொட்ஸ்அப்பில் தமிழ் ஒழுங்காகத் தெரிவதும் அதன் தயவால்தான். வளைவு, இடைவெளி, எழுத்து எழுத்தாகத் துள்ளி வருவது போன்ற வித்தைகளைக் காட்ட வெளிக்கிடும் செயலிகள் சொல்லைக் குறியீடு குறியீடாகப் பிய்த்து ஒவ்வொன்றையும் தனியே வரைகின்றன. ஆங்கிலத்துக்கு அது போதும், அங்கே ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியே நிற்கக்கூடியது. தமிழ் யூனிகோடுக்குள் வந்தது 1991இல். முப்பது வருடத்துக்கு மேலாகியும் ஒரு கொம்பை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் காசு வாங்குகிறார்கள் என்பதுதான் என் கோபம்.

முறைப்பாடு எழுதாமல் விடவில்லை. எந்த எழுத்து பிழை என்று படத்தில் அடையாளமிட்டு அனுப்பச் சொன்னார்கள். சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறியும் போட்டு அனுப்பினேன். சிவப்பு வட்டத்தையும் அம்புக்குறியையும் கண்டாலே எரிச்சல்படுகிற ஆள் நான். வட்டத்துக்குள் ஒன்றுமே இருக்காது, பக்கத்தில் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார், கீழே ‘அதிர்ச்சி’ என்று இருக்கும். கடைசியில் என்னையும் அதைப் போட வைத்துவிட்டார்கள். பதில் வந்தது: உங்கள் மொழிக்கான மேம்பாடு எங்கள் திட்டத்தில் உள்ளது. அதற்குப் பிறகு வந்த ஒரு அப்டேட்டில் இடைவெளிப் பிரச்சினை தீர்ந்தது உண்மை. அடுத்த அப்டேட்டில் திரும்ப வந்ததும் உண்மை.

இதற்கு நான் கண்ட வழி பாமினி. யாழ்ப்பாணத்தில் அச்சுக்கூடம், பதாகைக் கடைப் பக்கம் போனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கண்ணீர் அஞ்சலியில் இருந்து பூப்புனித நீராட்டு விழா வரை எவ்வளவோ பதாகைகளை அச்சடித்த எழுத்துரு அது. பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை இருத்தியிருக்கிறார்கள்: எம் விசையில் அ, கே விசையில் ம, அரைப்புள்ளி விசையில் புள்ளி. கொம்பைக் கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கிலேயே முதலில் தட்டவேண்டும். அதனால் செயலி என்ன நினைக்கிறது? ஏதோ ஆங்கிலச் சொல் என்று நினைத்து வளைக்கிறது, இழுக்கிறது, துள்ளவிடுகிறது. சொதி உடையாமல் வருகிறது. யூனிகோடில் தட்டியதைப் பாமினிக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் கிடக்கின்றன. மாற்றி, கொப்பி பண்ணி, செயலிக்குள் ஏற்றிய பாமினி எழுத்துருவைத் தெரிவு செய்தால் வேலை முடிந்தது.

பாமினியை இன்னுமா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று. வீடியோவின் தலைப்பைப் பாமினியில் போட்டால் அது ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், தேடினாலும் கிடைக்காது. தலைப்பு யூனிகோடில்தான் இருக்கவேண்டும், அதில் பேச்சே இல்லை. தம்ப்நெயில் ஒரு படம். அதில் உள்ள எழுத்தை யாரும் கொப்பி பண்ணுவதில்லை. உடையாமல் தெரிந்தால் சரி.

எழுத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், ஆனால் தமிழில் தம்ப்நெயில் செய்கிறவனுக்கு முக்கால்வாசி வேலை அதுதான். அடுத்த வில்லன் அவுட்லைன், எழுத்தைச் சுற்றிப் போடும் கோடு. எல்லா டெம்ப்ளேட்டும் மஞ்சள் எழுத்துக்குத் தடித்த கறுப்பு அவுட்லைன் போட்டுத்தான் வருகிறது. தமிழில் அது முதலில் விழுங்குவது புள்ளியை. ‘கூழ்’ என்று எழுதி அவுட்லைனைத் தடிப்பாக்குங்கள், போன் திரையில் சிறிதாகத் தெரியும்போது ‘கூழ’ என்றுதான் இருக்கும். ஞ, ணு, ழு போன்றவற்றின் உள்ளிடைவெளிகள் அடைபட்டுப் போகும். கெ, கே இரண்டையும் வேறுபடுத்தும் அந்தச் சின்னச் சுழி காணாமல் போகும். இரண்டு வரி எழுதினால் மேல் வரியில் உள்ள ‘ழு’வின் வாலும் கீழ் வரியில் உள்ள ‘கி’யின் விசிறியும் ஒன்றோடொன்று முட்டும். இந்தச் செயலியில் அவுட்லைன் எழுத்தின் உள்பக்கமாகவும் வளர்கிறது, வெளியே மட்டும் வளரச் சொல்லும் வசதி மூன்று மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது. நான் இப்போது அவுட்லைனை விட்டுவிட்டு, எழுத்துக்குப் பின்னால் ஒரே நிறத்தில் ஒரு பட்டை போடுகிறேன். அழகில் கொஞ்சம் குறைவு. வாசிக்கலாம்.

எழுத்துரு கேட்டீர்கள் என்றால், கூகுள் ஃபொன்ட்ஸில் இலவசமாக இருப்பவையே போதும். முக்த மலரின் மிகத் தடித்த வகை எனக்கு அதிகம் கைகொடுக்கிறது. பாலூ தம்பி உருண்டு திரண்டு நன்றாக இருக்கும், ஒரு சொல்லுக்கு மட்டும் பாவியுங்கள். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த பவனமும் கவிவனாரும் எனக்கு மிகவும் பிடித்தவை, ஆனால் இரண்டும் ஒற்றைத் தடிமனில்தான் இருக்கின்றன. தம்ப்நெயிலுக்கு மெல்லிசு. வீடியோவுக்குள் வரும் எழுத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி நியாயத்துக்கு ஒரு விஷயம். பின்னணியை வெட்டி எடுப்பதில் இந்தச் செயலியை அடிக்க எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. அவித்த நண்டை வாழையிலையில் வைத்து, மத்தியான வெயிலில் எடுத்த படம். பத்துக் காலும், காலில் உள்ள சுணையும், கால்களுக்கு இடையில் தெரிகிற இலையும். ஒரு தட்டுத் தட்டினேன். காலுக்குக் கால் பிசகாமல் வெட்டித் தந்தது. பனையோலையையும் அப்படித்தான், ஓலை நுனி ஒவ்வொன்றும் தனியே வரும். மடிக்கணினியில் இருந்து கையால் வெட்டினால் அரை நாள் போகும் வேலை. எங்கள் சாப்பாட்டில் பாதி மண்ணிறம், மற்றப் பாதி கடும் சிவப்பு. கறுத்த மண்சட்டியில் இருக்கும் ஒடியல் கூழைப் படமெடுத்தால் சேறு மாதிரித்தான் தெரியும். அதே கூழைப் பிலாவிலையில் வார்த்து, இலையோடு வெட்டி எடுத்து, வெளிர் பின்னணியில் வைத்தால் இறாலும் பயற்றங்காயும் எடுப்பாகத் தெரிகின்றன. என் சனலில் ஓடிய வீடியோக்கள் ஓடியதற்கு எழுத்தைவிட இந்த வெட்டுதான் காரணம் என்று நம்புகிறேன். நண்டுக் காலைப் பிசகாமல் வெட்டத் தெரிந்தவர்களுக்குச் ‘சொதி’யை வெட்டாமல் விடத் தெரியவில்லையே என்பது வேறு கதை.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். யூரியூப்புக்கு வழக்கமாகப் போடும் அளவு 1280க்கு 720, 16:9. இது எல்லாச் செயலியிலும் வரும். வலது கீழ் மூலையில் வீடியோவின் நேரம் வந்து உட்காரும், அங்கே எழுத்து வைக்காதீர்கள். அடி விளிம்பில் பாதி பார்த்தவர்களுக்குச் சிவப்புக் கோடு ஓடும், அங்கேயும் வேண்டாம். தலைப்பில் உள்ளதையே படத்தில் திரும்ப எழுதாதீர்கள், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் தெரியப்போகின்றன. தலைப்பு ‘யாழ்ப்பாணத்து ஒடியல் கூழ்’ என்றால் படத்தில் ‘மீன் இல்லாமல்’ என்பது போதும். செய்து முடித்ததும் போன் கலரியில் படங்களை மிகச் சிறிய கட்டங்களாகச் சுருக்கிப் பாருங்கள், அங்கே வாசிக்க முடிந்தால் எங்கேயும் வாசிக்கலாம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற மாமிமார் தொலைக்காட்சியில் போட்டுப் பார்க்கிறார்கள் என்பதையும் மறக்கவேண்டாம். அந்தப் பெரிய திரையில் உடைந்த கொம்பு ஒரு முழம் நீளத்துக்குத் தெரியும். தெரிந்தால் போன் எடுத்தும் சொல்வார்கள்.

ஒரே வீடியோவுக்கு மூன்று தம்ப்நெயில் வரை போட்டு ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியை யூரியூப் ஸ்டுடியோவே தருகிறது. அது கிளிக்கை மட்டும் எண்ணாமல், பார்த்த நேரத்தில் எந்தப் படத்துக்கு அதிக பங்கு என்று பார்க்கிறது. ஏமாற்றிக் கூப்பிட்டால் ஆள் உள்ளே வந்தவுடன் ஓடிவிடும் என்பதால் இது நல்ல அளவுகோல். ஆனால் எங்களைப் போன்ற சின்னச் சனல்களுக்குப் பெரும்பாலும் வருகிற முடிவு, மூன்றும் ஒரேமாதிரித்தான் என்பது. கிளிக் விகிதம் (படம் தெரிந்த தடவைகளில் எத்தனை வீதம் கிளிக் விழுந்தது என்ற கணக்கு) குறைவு என்று கவலைப்படுகிற தம்பிமாருக்கு: பாதிச் சனல்களுக்கும் வீடியோக்களுக்கும் அது 2 வீதத்துக்கும் 10 வீதத்துக்கும் இடையில்தான் என்று யூரியூப்பே சொல்கிறது. 4 வீதத்தைப் பார்த்து நித்திரையைக் கெடுக்கவேண்டாம்.

சரி, எடுக்கலாமா? கூட்டிக் கழித்துப் பார்த்தால் 5க்கு 4 கொடுக்கவேண்டும். வெட்டு ஒன்றுக்காகவே கொடுக்கலாம். ஆனால் எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். இந்தக் கிழமை வந்த அப்டேட் நான் ஏற்றி வைத்திருந்த எழுத்துருக்கள் அத்தனையையும் அழித்துவிட்டது, பாமினி உட்பட. கணவாய் வீடியோ தம்ப்நெயில் இல்லாமல் கிடக்கிறது. இன்றைக்கு என்னிடம் கேட்டால் 2 தான்.

பாதி விலை முதல் வருடத்துக்கு மட்டும் என்பதையும் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் முழு விலை வங்கி அட்டையில் இருந்து தானாகப் போகும், அதுவும் டொலரில். 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை ஏறியதைக் கண்ட எங்களுக்கு டொலர் சந்தாவில் கை வைக்க யோசனையாகத்தான் இருக்கும். படத்தை இலவசச் செயலி ஒன்றில் வெட்டுங்கள், விளிம்பு கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், பரவாயில்லை. எழுத்தை வேறொன்றில் தனியே எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் சேமித்து மேலே வையுங்கள். செலவு இல்லை, சொதியும் உடையாது.

என்னுடைய சந்தா அடுத்த மாதம் புதுப்பிக்கப்பட இருக்கிறது. ரத்து செய்யும் பக்கத்தைத் திறந்தேன், மூடிவிட்டேன். நண்டு சீசன் வருகிறது.