கேமிங் லேப்டாப் வாங்குகிறீர்களா? சிப்பின் பெயரை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

கொழும்பில் கேமிங் லேப்டாப் வாங்க நினைப்பவர்கள் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். காலி வீதியில் உள்ள ஒரு கடை, ஏற்கெனவே திறந்து உள்ளே கைவைத்த இயந்திரத்தைப் புத்தம் புதியது என்று சொல்லி என் தங்கையின் தலையில் கட்டிவிட்டது. விலை 5 இலட்சத்துக்கும் மேல். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஏமாற்றிய விதத்தை எழுதுகிறேன். அதே விதத்தில் வேறு கடைகளும் ஏமாற்றலாம்.

தங்கை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கிறாள். வெள்ளவத்தையில் வாடகை அறை. முப்பரிமாணப் படங்களை உருவாக்க வலுவான கிராஃபிக்ஸ் சிப் வேண்டும். பல்கலைக்கழகம் இருக்கும் கட்டுபெத்தைக்கு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டும். இரவில் கேம் விளையாடுவாள், அதில் அவளுக்குத் தனி ஆர்வம். 2022 இல் ஒரே நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்த ஊர் இது. பேட்டரி உள்ள கணினிதான் வேண்டும் என்று அவள் நின்றதில் நியாயம் இருந்தது. வினாடிக்கு 165 தடவை புதுப்பிக்கும் திரையில் ஒரு காட்சி வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விலை விசாரித்துவிட்டு, குறைவாகச் சொன்ன இந்தக் கடைக்குப் போனோம். காட்சிக்கு வைத்திருந்த லேப்டாப்பின் பக்கத்தில் ஓர் அட்டை: ஆர்டிஎக்ஸ் 4070 (என்விடியா நிறுவனத்தின் கிராஃபிக்ஸ் சிப்), 140 வாட், 32 ஜிபி ரேம். தங்கை அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டாள். கார்டு என்றால் விலை கூடும், காசாகத் தந்தால் இந்த விலை என்றார்கள். காசாகவே கொடுத்தோம். பற்றுச்சீட்டில் தொடர் இலக்கத்தை எழுதச் சொன்னபோது கடைப் பையன் முகம் சுளித்தான். ஆனாலும் எழுதித் தந்தான்.

சந்தேகம் வந்தது பல்கலைக்கழகத்தில். இதே சிப் உள்ள சிநேகிதியின் லேப்டாப் ஒரு படத்தை முடித்துவிட்டு ஓய்ந்திருக்க, தங்கையுடையது இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. என்விடியா மென்பொருளோடு வரும், சிப் எடுக்கும் மின்சக்தியைக் காட்டும் எஸ்எம்ஐ கட்டளையைப் போட்டு, சுமை ஏற்றிப் பார்த்தோம். சிப் 60 வாட்டைத் தாண்டவே இல்லை. வாட் குறைந்தால் வேகமும் குறையும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4070 ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் ஓட்ட லேப்டாப் தயாரிப்பாளருக்கு அனுமதி உண்டு. அதற்கு மேல் 25 வாட் வரை தற்காலிகமாகக் கூட்டவும் வழி இருக்கிறது. அட்டையில் இருந்த 140 அப்படி வந்த கணக்கு. மெல்லிய உடலுக்குள் அடைத்த 4070 உம், தடித்த உடலில் நல்ல விசிறிகளோடு வரும் 4070 உம் ஒரே ஸ்டிக்கரோடுதான் விற்பனைக்கு வருகின்றன. மேசைக் கணினியின் 4070 இன்னொரு கதை: அது 200 வாட், 12 ஜிபி நினைவகம். லேப்டாப்பில் 8 ஜிபி மட்டுமே, உள்ளே இருக்கும் சிப்பும் வேறு. 4090 இலும் இதே நிலைதான்: மேசைக் கணினியில் 24 ஜிபி, லேப்டாப்பில் 16. முன்பெல்லாம் குறைந்த மின்சக்தியில் ஓடுபவற்றை மேக்ஸ்-கியூ என்று பெயரிலேயே பிரித்துச் சொன்னார்கள். 2021 க்குப் பிறகு பெயரில் அந்த அடையாளம் இல்லை. மாடலுக்குரிய வாட் அளவு தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில்தான் இருக்கும்.

அந்தப் பக்கத்தைத் திறந்ததும் விஷயம் வெளிச்சமானது. காட்சியில் இருந்த மாடலும் பெட்டியில் வந்த மாடலும் வேறு வேறு. பெயர் ஒன்று, மாடல் இலக்கத்தின் கடைசி இரண்டு எழுத்துகள் மட்டும் வேறு. தொடர் இலக்கத்தைப் போட்டுப் பார்த்தால், உத்தரவாதம் நாங்கள் வாங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, வேறொரு நாட்டில் தொடங்கியிருந்தது. உள்ளூர் முகவர் இங்கே அது செல்லாது என்று கைவிரித்துவிட்டார்.

தெரிந்த திருத்துநர் ஒருவர் அடிமூடியைக் கழற்றினார். திருகாணிகளில் மூன்றின் கறுப்புப் பூச்சு உரிந்து வெள்ளி நிறம் தெரிந்தது. ஒரு திருகாணியின் மேல் இருந்த காகித முத்திரையின் நடுவில் ஓட்டை. ரேம் இரண்டு துண்டுகளாக இருக்க வேண்டிய இடத்தில், பெயர் தெரியாத ஒரே துண்டு. மற்ற இடம் காலி. ஒற்றைத் துண்டானால் தரவு போகும் வழி பாதியாகிவிடும், கேமில் அது உடனே தெரியும். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியும் மாற்றப்பட்டிருந்தது.

கடை முதலாளியிடம் எல்லாவற்றையும் மேசையில் வைத்தோம். "தம்பி, பெட்டியைத் திறந்துவிட்டீர்கள். இனி நாங்கள் என்ன செய்ய முடியும்? வேண்டுமானால் இன்னொரு ரேம் போட்டுத் தருகிறேன்" என்றார். பெட்டியைத் திறக்காமல் உள்ளே இருப்பதை எவன் பார்ப்பான்? ஒரு மாணவி, அப்பாவின் சேமிப்பில் வாங்கிய பொருள் இது. அவர் பேசிய அலட்சியத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஆகவே, கடையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். மாடல் இலக்கத்தை ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். தொடர் இலக்கத்தை அங்கேயே தயாரிப்பாளரின் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். வாட், ரேம் விவரங்களைப் பற்றுச்சீட்டில் எழுத மறுக்கும் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். சார்ஜரையும் கவனியுங்கள்: 140 வாட் சிப்புக்கு 150 வாட் சார்ஜர் போதாது, செயலிக்கும் திரைக்கும் மின்சாரம் வேண்டாமா?

நேர்மையான கடையில் வாங்கினாலும் சில குறைகள் கூடவே வரும். சார்ஜரைக் கழற்றினால் சிப்பின் வேகம் வெகுவாக இறங்கிவிடும். மின்வெட்டில் கட்டுரை எழுதலாம், கேம் விளையாட முடியாது. கொழும்பின் வெக்கையில் விசிறி இரைச்சல் அடுத்த அறைக்குக் கேட்கும். கடலோர உப்புக் காற்றில் தூசு ஒட்டிப் பிடிப்பதால் அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். கிராஃபிக்ஸ் சிப் பலகையோடு ஒட்டியிருப்பதால் பிறகு மாற்றவும் முடியாது. அறையில் இடம் இருப்பவர்களுக்கு அதே காசில் மேசைக் கணினி நன்றாக உழைக்கும்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். அட்டையின் படமும் தொடர் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டும்தான் எங்கள் கையில் உள்ள சாட்சிகள். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி விற்பனை நடந்து 3 மாதங்களுக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். அண்மையில் வாங்கியவர்கள் இன்றே உங்கள் தொடர் இலக்கத்தைச் சரிபாருங்கள்.